கட்சியின் நாளையும் நோயாளியின் இன்றும்

காவியத்தை நிறுத்துப் பார்ப்பது திறனாய்வு. கதையை, கவிதையை, நாடகத்தை உரைத்துப் பார்ப்பது திறனாய்வு. அரசியல்வாதி எழுதிய மடலையுமா ஆய்வது என்று கேட்பார் உளர். ஆய்ந்திடத்தான் வேண்டும் என்போம் நாம். கவிஞன் பிழைபட எழுதினால் கெடுவது ஒரு பாட்டு. ஆட்சியாளருக்கு வழி கூறுவோன் பிழைபட எழுதினால் கெடுவது பல்லாயிரவர் வாழ்வு. எனவே, அமெரிக்க நாட்டில் 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் எழுதப்பட்ட ஒரு மடலை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

எழுதியவர் வில்லியம் கிரிஸ்டல். துணை அதிபராக இருந்த டேன் குவேலின் அலுவலகத்தை நடத்திப் பழகியவர், படித்தவர், பேனா பிடிக்கத் தெரிந்தவர். எழுதப்பட்டது குடியரசுக் கட்சித் தலைவர்களுக்கு. அவர் அமைத்திருந்த குழுவுக்கு அவர் சூட்டியிருந்த பெயர், ‘குடியரசுக் கட்சியின் எதிர்காலத்துக்கான திட்டம்’. பெயரைக் கவனியுங்கள்! நாட்டின் எதிர்காலம் அல்ல, கட்சியின் எதிர்காலம். மடல் முழுவதற்கும் திறவுகோல் அந்தப் பெயரிலேயே தொங்குகிறது.

அப்போது அதிபராக இருந்தவர், ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன். அமெரிக்கர் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்தை அவ்வாண்டு செப்டம்பரில் காங்கிரசின் முன் வைத்திருந்தார். எதிர்வரிசையில் தயக்கம் நிலவிற்று. திருத்தம் கூறலாம் என்றனர் சிலர். பேசிப் பார்த்துப் பாதியேனும் பெறலாம் என்றனர் வேறு சிலர். கிரிஸ்டலின் மடல் அந்தத் தயக்கத்தை அறுத்தது. திருத்த வேண்டாம், பேரம் வேண்டாம், முற்றாக முறியடிக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. ஏன்? திட்டம் நிறைவேறினால், நடுத்தர மக்களின் காவலன் என்ற புகழ் ஜனநாயகக் கட்சிக்கு மீண்டும் கிடைத்துவிடும். அரசின் கை நீளக்கூடாது என்று கூறி வளர்ந்த குடியரசுக் கட்சிக்கு அது பேரிடியாகும். இதுதான் காரணங்களில் தலையாயது.

நேர்மையோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தின் தரம் கெடும், அரசின் பிடி இறுகும் என்ற வாதங்களும் அம்மடலில் உண்டு. அவை வாதிடத்தக்க வாதங்களே. அரசு கூறுவதெல்லாம் அறம் என்று கைகட்டி நிற்பது நமது பழக்கமும் அன்று. ஆனால், ஒரு நாடகத்தை ஆய்பவன் முதலில் கேட்பது என்ன? மேடையின் நடுவில் நிற்பது யார்? திரைக்குப் பின்னே தள்ளப்பட்டது யார்? இந்த மடலின் மேடை நடுவில் கட்சி நிற்கிறது. அதன் எதிரே மாற்றுக் கட்சி நிற்கிறது. இருவருக்கும் இடையே வாக்காளர் கூட்டம் நிற்கிறது. நோயாளி? அவன் திரைக்குப் பின்னே இருமிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உரையாடலே எழுதப்படவில்லை.

அந்த நோயாளி யார் என்று பார்ப்போம்.

மருத்துவத்தை, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்காகப் பகுத்தார் வள்ளுவர். அமெரிக்காவிலே ஐந்தாவதாக ஒன்று வந்து முன்னே அமர்ந்துகொண்டது: காப்பீட்டுச் சீட்டு. அது வந்த கதையும் விந்தையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூலி உயர்வுக்கு அரசு தடை விதித்தது. ஆள் வேண்டும், கூலியைக் கூட்ட முடியாது. என்ன செய்வர் முதலாளிகள்? மருத்துவக் காப்பீடு தருகிறோம், வாருங்கள் என்றழைத்தனர். அதற்கு வரிச்சலுகையும் கிடைத்தது. இப்படி வேலையோடு காப்பீடு பிணைந்தது. வேலை போனால் காப்பீடும் போகும். நோய் வந்து, நோயினால் வேலை போய், வேலையோடு காப்பீடும் போனால்? மருந்து மிகத் தேவைப்படும் அந்த நாளில்தான் மருத்துவமனையின் கதவு கனமாகிறது! புதிதாகக் காப்பீடு கேட்டுப் போனால், உனக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறதே என்று நிறுவனம் அந்நாளில் கைவிரித்துவந்தது. கிளிண்டன் திட்டம் வந்த நாளில் காப்பீடு இல்லாதார் தொகை ஏறத்தாழ 3.7 கோடி.

இந்தக் கொடுமையை நீக்க முயன்றோர் இல்லாமல் இல்லை. 1945 நவம்பரில் அதிபர் ஹாரி ட்ரூமன் நாடு தழுவிய மருத்துவக் காப்பீட்டைக் கோரினார். அமெரிக்க மருத்துவர் சங்கம் சீறி எழுந்தது. எதிர்ப்புப் பரப்புரைக்கென 1949-இல் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் கேட்டது. ‘சமதர்ம மருத்துவம்’ என்று பெயரிட்டு, சோவியத் பூச்சாண்டி காட்டி, திட்டத்தைச் சாய்த்தது. 1961-இல், மெடிகேர் எனப் பின்னாளில் பெயர்பெற்ற முதியோர் மருத்துவத் திட்டத்தை எதிர்த்து அதே சங்கம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதில் குரல் கொடுத்தவர் நடிகர் ரொனால்டு ரீகன், பின்னாளில் அதிபரானவர்.

எதிர்ப்பு அன்றும் இருந்தது. எதிர்ப்புக்கு இடையிலும் அன்று ஒன்று உயிரோடிருந்தது. 1965-இல் மெடிகேர் சட்டம் பிரதிநிதிகள் அவையின் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தபோது, குடியரசுக் கட்சியினரில் 70 பேர் ஆதரித்தனர், 68 பேர் எதிர்த்தனர். ஒரே கட்சிக்குள் இரண்டு கருத்து! அவரவர் தம் தொகுதி முதியோர் முகத்தைப் பார்த்து வாக்களித்தனர். அதிபர் லிண்டன் ஜான்சன், ட்ரூமனின் ஊராகிய இன்டிபென்டென்சுக்கே சென்று, முதியவராகிவிட்ட ட்ரூமனை அருகில் வைத்துக்கொண்டு, ஜூலை 30-ஆம் நாள் கையொப்பமிட்டார்.

70 என்ற எண்ணை நினைவில் கொள்ளுங்கள். 2010-இல் அந்த எண் என்ன ஆயிற்று என்பதில்தான் நமது ஆய்வின் பொருள் அடங்கியிருக்கிறது.

கிரிஸ்டலின் மடல் வென்றது. 1994 செப்டம்பரில் கிளிண்டன் திட்டம் வாக்கெடுப்பின்றியே மடிந்தது. திட்டத்தின் மீதும் குறை உண்டு. 1,300 பக்கங்களைத் தாண்டிய மசோதாவை மக்களுக்கு விளக்க அதன் ஆசிரியர்களாலேயே முடியவில்லை. நவம்பரில் நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் அவையில் 54 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அவையைக் கைப்பற்றியது. மடலின் அறிவுரை கைமேல் பலித்தது! வெற்றி முரசு முழங்கிற்று!

முரசு ஓய்ந்தபின் என்ன நடந்தது? 1997-இல் அக்கட்சியின் செனட்டர் ஓரின் ஹாட்ச், ஜனநாயகக் கட்சியின் எட்வர்டு கென்னடியோடு கைகோத்துக் குழந்தைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2003-இல் ஜார்ஜ் புஷ் ஆட்சி முதியோர்க்கு மருந்துச் செலவுத் திட்டம் கொடுத்தது. பாராட்டுகிறோம். நல்லது செய்யும் ஆற்றல் அக்கட்சிக்கு இல்லாமற் போய்விடவில்லை என்பதற்கு அவை சான்று. ஆனால் அனைவருக்கும் என்ற கேள்விக்கு அதன் விடை என்ன? விடை ஒன்று அதனிடம் இருந்தது. அந்த விடையை அதுவே கொன்றது. அந்தக் கதை மடலைவிட வேதனையானது.

ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். நலமாய் இருப்போர் கட்டும் தொகை நோயுற்றோரைத் தாங்கும். இயலாதார்க்கு அரசு துணை நிற்கும். இந்தக் கருத்தை 1989-இல் முன்வைத்தது எது? பழமைக் கொள்கையினரின் ஆய்வு நிலையமான ஹெரிடேஜ் நிறுவனம். 1993-இல் அதைச் சட்ட வடிவில் எழுதியவர் யார்? குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் சேஃபி. 2006-இல் அதை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடைமுறைப்படுத்தியவர் யார்? அக்கட்சியின் ஆளுநர் மிட் ராம்னி. கையொப்பமிடும்போது எட்வர்டு கென்னடி உடன் நின்றார். மாநிலத்தில் திட்டம் நடந்தது, காப்பீடு பெருகிற்று.

2009-இல் அதிபர் பராக் ஒபாமா கையில் எடுத்தது பெரும்பகுதி இந்தத் திட்டத்தைத்தான். தன் பிள்ளை மாற்றான் வீட்டு வாயிலில் நின்று சிரித்ததும், பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்! பிள்ளையின் முகம் மாறவில்லை. அதைத் தூக்கி வைத்திருந்த கை மாறிற்று, அவ்வளவே. செனட்டின் நிதிக்குழுவில் மூன்று குடியரசுக் கட்சியினரும் மூன்று ஜனநாயகக் கட்சியினரும் பல திங்கள் கூடிப் பேசினர். பயனில்லை. குழுவில் ஆதரித்து வாக்களித்த ஒலிம்பியா ஸ்னோ என்ற ஒரே குடியரசுக் கட்சியாரும் அவையில் எதிர்த்து வாக்களித்தார்.

வாதம் வற்றியபோது சொல் வந்தது. 2009 ஆகஸ்டில், முந்திய தேர்தலில் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின், இச்சட்டம் ‘மரணக் குழுக்களை’ அமைக்கும் என எழுதினார். யார் வாழலாம், யார் சாகலாம் எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரிகளாம்! மசோதாவில் இருந்தது என்ன? இறுதிக் கால மருத்துவம் பற்றி முதியவர், விரும்பினால், தம் மருத்துவரோடு கலந்து பேசலாம். அதற்கான கட்டணத்தை மெடிகேர் தரும். இவ்வளவே. உண்மை ஆய்வு நடத்தும் ஏடு ஒன்று அந்தச் சொல்லை அவ்வாண்டின் பெரும்பொய் என்றே குறித்தது. பொய் என நிறுவியும் சொல் சாகவில்லை, விதி சாகடிக்கப்பட்டது. அந்தப் பிரிவையே மசோதாவிலிருந்து நீக்கினர்.

சொல்லின் ஆற்றலை நமக்கு யாரும் புகட்ட வேண்டுவதில்லை. சாத்திரம் என்ற ஒரு சொல்லால் சமுதாயத்தையே கட்டிப்போட்ட கதையைக் கண்டவர் நாம். அதனாலேயே கேட்கிறோம்: கேட்போன் அறிவை எழுப்பும் சொல் வேறு, அச்சத்தை எழுப்பி அறிவை உறங்கவைக்கும் சொல் வேறு அல்லவா? முன்னது பரப்புரை, பின்னது பேயோட்டுவோன் உடுக்கை.

மறுபக்கத்தாரையும் தராசில் ஏற்றாமல் விடமாட்டோம். உங்களுக்குப் பிடித்த காப்பீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா மேடைதோறும் வாக்களித்தார். 2013-இல் இலட்சக்கணக்கானோருக்கு, உங்கள் பழைய காப்பீடு முடிந்தது என மடல் வந்தது. அதே ஏடு அந்த ஆண்டின் பெரும்பொய்யாக அதிபரின் வாக்குறுதியைக் குறித்தது. அதிபர் வருத்தம் தெரிவித்தார். காப்பீடு வாங்குவோர்க்கென அரசு திறந்த இணையதளம் முதல் நாளே படுத்துவிட்டது. மானியம் கிடைக்காத நடுத்தரக் குடும்பங்கள் சில, தவணைத் தொகை ஏறக்கண்டு குமுறின. நல்ல நோக்கம் பொய்க்கு உரிமச் சீட்டு ஆகாது. தன் சட்டத்தின் விலையைத் தானே கூறாத கட்சி, அந்த விலையை மாற்றான் வாயால் மக்கள் கேட்கும்படி செய்துகொள்கிறது.

2009 டிசம்பர் 24-ஆம் நாள் செனட்டில் 60-க்கு 39. 2010 மார்ச் 21-ஆம் நாள் பிரதிநிதிகள் அவையில் 219-க்கு 212. சட்டம் நிறைவேறிற்று. இறுதி வாக்கெடுப்பில் ஆதரித்த குடியரசுக் கட்சியினர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. 1965-இல் 70, 2010-இல் சுழி! ஜனநாயகக் கட்சியிலும் 34 பேர் எதிர்த்து வாக்களித்தனர். அங்கே கட்சிக்குள் கருத்து வேறுபடும் உரிமை எஞ்சி நின்றது. இங்கே 45 ஆண்டுகளில் அமெரிக்க நோயாளியின் உடல் மாறிவிட்டதா? மருந்தின் குணம் மாறிவிட்டதா? மாறியது கேள்வி. இச்சட்டம் மக்களுக்கு என்ன செய்யும் என்று கேட்ட இடத்தில், இச்சட்டம் நம் கட்சிக்கு என்ன செய்யும் என்று கேட்கும் பழக்கம் வந்து குடியேறிவிட்டது. அந்தப் பழக்கத்துக்கு எழுத்து வடிவம் தந்தது 1993-இன் மடல்.

கட்சியின் எதிர்காலத்தைக் கருதுவது குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. கட்சி இன்றேல் கொள்கைக்குக் கால் ஏது? ஆனால் எதிர்காலத்தைக் காப்பதற்கு வேறு வழியும் உண்டு. அதை நடந்து காட்டிய கட்சி ஒன்றும் உண்டு. அதுவும் பழமைக் கட்சிதான். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி.

அங்கே 1946-இல் தொழிற்கட்சி அமைச்சர் அன்யூரின் பெவன், நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாக உழைத்து வந்த அந்த வேல்ஸ் நாட்டுக்காரர், தேசிய மருத்துவப் பணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கன்சர்வேடிவ் கட்சி இரண்டாம் வாசிப்பில் எதிர்த்தது. மூன்றாம் வாசிப்பிலும் எதிர்த்தது. அதற்கு ஈராண்டு முன்பு, போர்க்காலக் கூட்டாட்சியில், அனைவருக்கும் மருத்துவம் என வெள்ளை அறிக்கை வெளியிட்ட அமைச்சர் ஹென்றி வில்லிங்க் அக்கட்சிக்காரர்தான்! ஆக, தன் கருத்தையே மாற்றான் கையில் கண்டு எதிர்க்கும் நோய் அங்கும் இருந்தது. 1948 ஜூலை 5-ஆம் நாள் திட்டம் தொடங்கிற்று. 1951 அக்டோபரில் சர்ச்சில் தலைமையில் கன்சர்வேடிவ் ஆட்சி திரும்பி வந்தது.

அப்போது அவர்கள் செய்தது என்ன? கிழித்தெறிந்தார்களா? இல்லை. செலவு மிகுதி என்ற ஐயம் இருந்தது. 1953-இல் பொருளியல் அறிஞர் கில்போ தலைமையில் ஒரு குழு அமைத்தனர். வீண் செலவு என்று கூற இடமில்லை என 1956-இல் குழு கூறிற்று. கூறியதை ஏற்றுத் திட்டத்தை நடத்தினர். சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கட்சி, அந்தச் சட்டத்தின் காவலன் ஆயிற்று. 1964 வரை 13 ஆண்டு தொடர்ந்து ஆண்டது. ஆனால், திட்டத்தைப் பெற்றெடுத்த தொழிற்கட்சியோ, பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிப்பதா என்ற வழக்கில் இரண்டுபட்டது. 1951 ஏப்ரலில் பெவன் பதவி துறந்தார். திட்டம் கொண்டுவந்த கட்சி பிளவுற்றது. அதை ஏற்றுக்கொண்ட கட்சி தழைத்தது! மாற்றான் செய்த நன்மை நிலைத்தால் நம் கட்சி அழியும் என்ற கிரிஸ்டலின் கணக்குக்கு, அவர் மடல் எழுதுவதற்கு நாற்பதாண்டு முன்பே வரலாறு விடை எழுதி வைத்திருந்தது. அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். சட்டம் வந்த 2010-இலேயே குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்றுப் பிரதிநிதிகள் அவையைக் கைப்பற்றியது. ‘ஒழிப்போம், வேறு கொடுப்போம்’ என்பது முழக்கம். ஒழிக்கவோ குறைக்கவோ அந்த அவை 50 தடவைக்கு மேல் வாக்களித்தது. வேறு கொடுக்க? ஒருமுறையும் ஒருமித்த திட்டம் வரவில்லை. 2012-இல் உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஏழையர்க்கான மெடிகெய்டு திட்டத்தை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என விட்டது. செலவில் மிகப்பெரும் பகுதியை நடுவண் அரசு தருவதாகச் சொல்லியும், குடியரசுக் கட்சி ஆண்ட மாநிலங்கள் பல மறுத்தன. பெயரில் ஒபாமா ஒட்டியிருந்ததால் ஏழையின் மருந்துச் சீட்டு தீண்டத்தகாததாயிற்று!

பெயரின் மாயம் அத்தோடு நிற்கவில்லை. சட்டத்தின் உண்மைப் பெயர் ‘கட்டுப்படியாகும் மருத்துவச் சட்டம்’. ‘ஒபாமாகேர்’ என்பது மாற்றார் சூட்டிய பட்டப்பெயர். 2017-இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், இரண்டும் ஒன்றே என அறியாதோர் ஏறத்தாழ மூவரில் ஒருவர் எனத் தெரியவந்தது. ஒன்றை வெறுத்து மற்றொன்றால் பிழைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பர் அல்லவா? கட்சிச் சண்டையின் புழுதி, மருந்துப் புட்டியின் மேலிருந்த பெயரைக்கூட மறைத்துவிட்டது.

2017-இல் எல்லாம் கூடிவந்தது. அதிபர் டொனால்டு டிரம்ப். இரு அவைகளிலும் பெரும்பான்மை. ஏழாண்டு முழக்கத்தைச் செயலாக்க வேண்டிய நாள்! மே 4-ஆம் நாள் பிரதிநிதிகள் அவை 217-க்கு 213 என நிறைவேற்றியது. அதனால் 2026-க்குள் காப்பீடற்றோர் தொகை மேலும் 2.3 கோடி கூடும் எனக் காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. உடற்குறையுடையோர், செனட்டின் தலைவர்களுள் ஒருவரான மிட்ச் மெக்கானலின் அலுவலக வாயிலில் மறியல் செய்தனர். சக்கர நாற்காலியிலிருந்து காவலர் அவர்களைத் தூக்கிச் சென்றனர். மடலின் மேடையில் திரைக்குப் பின்னே தள்ளப்பட்டிருந்தானே நோயாளி, அவன் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டான்!

ஜூலை 28-ஆம் நாள் பின்னிரவு. செனட்டில் வாக்கெடுப்பு. மூளையில் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து, தழும்போடு வந்திருந்தார் குடியரசுக் கட்சியின் முதுபெரும் செனட்டர் ஜான் மெக்கெய்ன். கையை நீட்டினார், பெருவிரலைக் கீழ்நோக்கித் திருப்பினார். சூசன் காலின்ஸ், லிசா மர்கவுஸ்கி என்ற இரு பெண் செனட்டர்களும் முன்பே மறுத்திருந்தனர். 49-க்கு 51. மசோதா வீழ்ந்தது. ஏழாண்டு முழக்கம் மூன்று பேரின் மறுப்பில் முடிந்தது. அந்த மூவரும் மாற்றாரல்லர், அதே கட்சியினர். 1965-இன் எழுபதின்மருடைய குரல், 2017-இல் மூவரின் வாயிலாக ஒலித்தது எனலாம்.

இதில் மடல் எழுதியவரின் கூர்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய நன்மையை மக்கள் ஒருமுறை சுவைத்தால் பிறகு விடமாட்டார்கள் என அவர் அஞ்சினார். அச்சம் மெய்யாயிற்று. மெயின், ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, மிசூரி, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில் 2017 முதல் 2022 வரை வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில் மெடிகெய்டு விரிவை நிறைவேற்றினர். இவற்றில் மிகப் பல, குடியரசுக் கட்சியின் கோட்டைகள். கட்சிக்கு வாக்கு, கட்சியின் எதிர்ப்புக்கு மறுப்பு! ஒரே கை இரண்டையும் போட்டது. நோயைக் கண்டறிந்த மருத்துவன், மருந்தைத் தவறாக எழுதியதுபோல் ஆயிற்று மடல். மக்கள் விரும்புவர் என அறிந்தால், நாமே மேலும் நன்றாகச் செய்வோம் என்றல்லவா முடித்திருக்க வேண்டும்? மக்கள் விரும்புவதற்கு முன் தடுத்துவிடுவோம் என்று முடித்தார்.

கட்சி அழிந்துவிட்டதா? இல்லை. 2014-இல் வென்றது, 2016-இல் வென்றது, 2024-இலும் வென்றது. தேர்தல் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்தால் மடல் தோற்றது எனக் கூற இயலாது. ஆனால் ஒரு கட்சியின் எதிர்காலம் அது வெல்லும் இடங்களில் மட்டுமா இருக்கிறது? வென்றபின் கூறுவதற்கு ஒரு சொல் இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், உங்கள் மருத்துவத் திட்டம் என்ன என்று டிரம்பிடம் கேட்டனர். திட்டத்துக்கான கருத்துருக்கள் உள்ளன என்றார். சட்டம் வந்து 14 ஆண்டு, இன்னும் கருத்துரு! மறுப்பதையே தொழிலாகக் கொண்ட நா, ஆம் என்று தொடங்கும் வாக்கியத்தை மறந்துவிடும் போலும்.

இதற்கிடையே கட்சியின் உடலே மாறிவிட்டது. சுரங்கமும் ஆலையும் மூடிய ஊர்களின் உழைப்பாளர் பெருமளவில் அதன் பக்கம் வந்தனர். மெடிகெய்டு சீட்டு அவர்கள் சட்டைப்பையிலும் இருக்கிறது. மிசூரி செனட்டர் ஜாஷ் ஹாலி, மெடிகெய்டில் கைவைப்பது அறமும் அன்று, அரசியல் தற்கொலையும் ஆகும் என 2025 மே திங்களில் எழுதினார். மிசூரி மக்கள் 2020-இல் விரிவை வாக்களித்துப் பெற்றவர்கள். அவர்தம் உறுப்பினர் அப்படி எழுதியதில் வியப்பில்லை. ஜூலையில் மெடிகெய்டு செலவைப் பெரிதும் குறைக்கும் சட்டம் வந்தபோது, அதே ஹாலி ஆதரித்து வாக்களித்தார். எழுதிய கை ஒன்று, உயர்த்திய கை ஒன்று! அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, காப்பீட்டுக்கான கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா என்ற வழக்கில் 43 நாட்கள் நடுவண் அரசின் பணிகள் முடங்கிக் கிடந்தன. 1993-இல் மடல் தொடங்கிவைத்த கேள்வி, 32 ஆண்டு கழித்தும் தீரவில்லை.

மடலை எழுதியவர் எங்கே? அதுவும் அறியத்தக்கது. கட்சியின் எதிர்காலத்துக்கெனக் குழு கண்ட வில்லியம் கிரிஸ்டல், டிரம்ப் தலைமையை ஏற்க மறுத்து விலகி நின்றார்; 2020-இல் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடனை ஆதரித்தார். எந்தக் கட்சியின் நாளைக்காக நோயாளியின் இன்றைப் பின்னே தள்ளினாரோ, அந்தக் கட்சியின் நாளையில் அவருக்கே இடமில்லை. அவரை எள்ளி நகையாட இதைக் கூறவில்லை. தலைமைக்குப் பணியாமல் விலகி நின்றதற்குத் துணிவு வேண்டும். ஆயினும் எண்ணிப் பார்க்கிறோம்: எது செய்தாலும் மறு, எதையும் திருத்தாதே, முறியடி என்று ஒரு கட்சிக்குப் பழக்கிவிட்டால், அந்தப் பழக்கம் பழக்கியவரின் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருக்குமா?

எதிர்க்கட்சி எதிர்க்கத்தான் வேண்டும். செலவைக் கேட்க வேண்டும், கட்டாயத்தைக் கேட்க வேண்டும், அதிகாரியின் ஆணவத்தைக் கேட்க வேண்டும். ஓட்டையைக் காட்டாத எதிர்க்கட்சி ஊமை. ஆனால் ஓட்டையைக் காட்டுவது அடைப்பதற்காக. கலத்தைக் கவிழ்ப்பதற்காக அன்று. கலத்தில் இருப்பவன் நோயாளி. அவன் கையில் கட்சிச் சீட்டு இருக்கிறதா என்று காய்ச்சல் பார்த்து வருவதில்லை.

கட்சி பல கண்டு, கொடி பல ஏந்தி நிற்கும் நாட்டினர் நாம். சட்டமன்றத்திலே ஒரு மசோதா வரும்போதெல்லாம், அதைக் கொண்டுவந்தது எந்தக் கட்சி என முதலில் கேட்கும் நோய் நம்மிடம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் மகிழ்வோம். முடியாதாயின், அமெரிக்க மடல் ஒன்றை நாம் இவ்வளவு நேரம் ஆய்ந்தது வீணன்று. இனி மேடையேறுவோர் எவராயினும், நம்மவரே ஆயினும், ஒரு சட்டத்தால் தம் கட்சிக்கு வரும் இலாப நட்டத்தை விளக்கி முடிக்கட்டும். முடித்ததும் எழுந்து நின்று கேட்போம்: ஐயா, கட்சிக்கு என்ன ஆகும் எனச் சொன்னீர்கள், கேட்டுக்கொண்டோம். நோயாளிக்கு என்ன ஆகும், அதைச் சொல்லுங்கள்!